கொடி ஏற்றாத கடல்

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
18 ஜனவரி 2025

அன்புள்ள பாஹிம் நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் அருளால் நானும் உம்மாவும் சுகமாக இருக்கிறோம். மாரி மழைக்கு உம்மாவின் முழங்கால் இரண்டு கிழமை பாடாய்ப் படுத்தியது. இப்போது மேல்மாடிக்கு ஏறி இறங்குகிறா. எஞ்சின் அறைச் சூட்டில் கழுத்தெல்லாம் கொப்பளித்துவிட்டது என்று எழுதியிருந்தீர்களே, மாறிவிட்டதா?

துறைமுகத்திலிருந்து நீங்கள் எடுக்கும் பத்து நிமிட அழைப்பு முழுக்க உம்மாவுக்கே போய்விடுகிறது. கப்பலில் மின்னஞ்சல் மட்டும்தான் வேலை செய்யும் என்பதால் ஆறுதலாக இருந்து இதை எழுதுகிறேன்.

ஒரு செய்தி. நம்முடைய ‘ஒன்பது தீவு’ விளையாட்டில் ஏப்ரல் முப்பதோடு அமைதிக் கடல் இல்லையாம். ஆட்கள் குறைந்துவிட்டதால் இரண்டு கடல்களையும் ஒன்றாக்குகிறார்கள். இனி யார் கப்பலையும் யாரும் எங்கேயும் தாக்கலாம். அறிவித்தலை வாசித்துவிட்டு, பழைய தீவுகளுக்கெல்லாம் ஒருதரம் போய் வந்தேன். விளையாட்டுத்தானே என்று நீங்கள் சிரிப்பீர்கள்.

ஊரடங்குக் காலம் நினைவிருக்கிறதா? முன் அறையில் இரண்டு கணினி, இரண்டு கதிரை. நீங்கள் அந்தச் சுவரைப் பார்த்தபடி, நான் இந்தச் சுவரைப் பார்த்தபடி. நீங்கள் போர்க்கொடியை ஏற்றிக்கொண்டு சண்டைக் கடலில் கத்துவீர்கள். நான் கொடி ஏற்றாமல் அமைதிக் கடலில் தீவு தீவாகப் போய், விளையாட்டில் வரும் வெளிச்சவீட்டுக்காரனும் வலை பின்னுகிறவளும் சொல்லும் கதையெல்லாம் வாசிப்பேன். “என்ன, சோதனைக்குப் படிக்கிறியா?” என்று பகிடி பண்ணுவீர்கள். உம்மா பிளேன்டீயோடு வந்து, “ஒரே ஊட்டுக்குள்ள இருந்துக்கிட்டு ரெண்டு பேரும் வேற வேற கடல்ல” என்று தலையில் அடிப்பா.

இப்போது கேட்க வந்தது இதுதான். கடைசித் தீவின் கதையை நாங்கள் இன்னும் முடிக்கவில்லை. அதற்கு எட்டுப் பேர் சேர்ந்து போக வேண்டும். எங்களிடம் ஏழு பேர். ஏப்ரலுக்குள் இணையம் உள்ள ஏதாவது துறைமுகத்தில் நிற்பீர்களா? ஒரு பின்னேரம் போதும். கொடியை மட்டும் இறக்கிவிட்டு வாருங்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். துஆவில் எங்களை மறக்க வேண்டாம்.

உங்கள் தங்கச்சி,
சப்ரினா

✻

கப்பலிலிருந்து, டர்பன் போகும் வழி
29 ஜனவரி 2025

அன்புத் தங்கச்சி சப்ரினாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். நான் நலம். கழுத்து ஆறிவிட்டது. உம்மா படி ஏறுகிறா என்று வாசித்ததும் மனசு லேசாகிவிட்டது. ஆனாலும் அடிக்கடி ஏற விடாதே.

உன் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்து மூன்று தரம் வாசித்தேன். அந்த அறையின் மணமே வந்தது. பக்கத்து வீட்டு மீன் பொரியலும், சூடாகிப் போன என் பழைய கணினியும். ஊரடங்கில் துறைமுகம் எவ்வளவு அமைதியாக இருந்தது! கரையில் நாய் குரைத்தால் நங்கூரமிட்ட கப்பலில் எதிரொலிக்கும்.

பகிடி பண்ணியது உண்மைதான். ஆனால் சண்டைக் கடலை நீ கடைசிவரை விளங்கிக்கொள்ளவில்லை. எழுதி வைத்த கதையில் எல்லாம் முன்கூட்டியே முடிவாகியிருக்கும். எதிரே இன்னொரு மனிசன் இருந்தால் அவன் என்ன செய்வான் என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். குருநாகலில் இருந்து ஒருவன் விளையாடுவான், அவன் பெயர்கூட எனக்குத் தெரியாது. கப்பலைத் திருப்பும் விதத்தை வைத்தே அவன் அன்றைக்குக் கோபமா, களைப்பா என்று சொல்லிவிடுவேன். நீ கதை வாசித்தாய். நான் ஆட்களை வாசித்தேன். தோற்கவே முடியாத இடத்தில் வென்று என்ன பயன்?

சரி, கொடியை இறக்குகிறேன். உனக்காக. ஏப்ரல் நடுப்பகுதியில் சிங்கப்பூரில் நிற்போம் என்று கதைக்கிறார்கள். அங்கே கடலோடிகள் தங்கும் விடுதியில் கணினி இருக்கிறது. அந்த ஏழு பேரும் யார் யார் என்று எழுது. பழைய ஆட்கள் யாராவது இருக்கிறார்களா?

உம்மாவுக்கு என் ஸலாம்.

உன் நானா,
பாஹிம்

✻

திருகோணமலை
9 பெப்ரவரி 2025

அன்புள்ள நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லாரும் சுகம். நீங்கள் வருவதாக எழுதியதை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “கப்பல்ல போனவனக் கப்பல் விளையாட்டுக்குக் கூப்பிடுறாள்” என்கிறா.

ஏழு பேரையும் சொல்கிறேன். கிளிவெட்டியில் படிப்பிக்கிற கீர்த்தனி ரீச்சர், உங்களுக்குத் தெரியும். கிண்ணியாவில் மருந்துக்கடை வைத்திருக்கும் றிகாஸ். மலேசியாவில் ஒரே வீட்டில் இருந்து விளையாடும் மூன்று சகோதரிகள். நான். ஏழாவது ஆள் முனாஸ்.

ஓம் நானா, உங்கள் சிநேகிதன் முனாஸ்தான். வேறு பெயரில் விளையாட்டுக்குத் திரும்ப வந்து மூன்று வருடமாகிறது. முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் இருவரும் கதைப்பதில்லை என்பதால் எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. அவர் ஏழு மாதம் பாடுபட்டுக் கட்டிய கப்பலைச் சண்டைக் கடலுக்குக் கூப்பிட்டு நீங்கள் மூழ்கடித்த அன்று நான் அழுதேன். நீங்கள், “கொடி ஏத்தினவன மூழ்கடிக்கிறது விதிதானே” என்றீர்கள். விதிதான். ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே வாங்கில் இருந்தவர்கள் அதற்காகவா நான்கு வருடம் கதைக்காமல் இருப்பீர்கள்? வேறு ஏதாவது நடந்ததா? அவரிடம் கேட்டால் எஞ்சினைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிடுகிறார்.

அவர் இப்போது, படகுகளின் பின்னால் பூட்டும் வெளியிணைப்பு எஞ்சின் திருத்துகிற கடை வைத்திருக்கிறார். நல்ல பெயர். நிலாவெளியிலிருந்தும் வெருகலிலிருந்தும் படகுக்காரர் தேடி வருகிறார்கள். வந்து நிற்கும் கப்பல்களுக்குக் கயிறு எடுத்துக் கொடுக்கும் படகில் முன்பு வேலை செய்தாரே, அது போய்விட்டது. அவருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது என்று யாரோ அந்த ஒப்பந்தக்காரரிடம் சொல்லிவிட்டார்களாம். இரவில் மிதவைகளின் சிவப்பு, பச்சை விளக்கைப் பார்த்துப் படகைக் கொண்டுபோகிற வேலை. வைத்திருக்க ஏலாது என்றுவிட்டார்கள். அதுவரை அவருக்கு அப்படி ஒரு குறை இருந்தது எனக்கே தெரியாது.

பதில் எழுதுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சப்ரினா

✻

திருகோணமலை
15 மார்ச் 2025

அன்புள்ள நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு பாதி முடிந்துவிட்டது. எஞ்சின் அறையில் நோன்பு பிடிக்கிறீர்களா? உம்மா ஒவ்வொரு நாளும் நோன்பு திறக்கும்போது உங்கள் பெயரைத்தான் முதலில் சொல்கிறா.

ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது, பதில் இல்லை. டர்பனிலிருந்து எடுத்தபோதும் உம்மாவோடு மட்டும் கதைத்துவிட்டு, “தங்கச்சியோட பிறகு கதைக்கிறன்” என்று வைத்துவிட்டீர்கள். முனாஸ் இருக்கிறார் என்றதால் கோபமா? கோபமென்றால் கோபம் என்று எழுதுங்கள். சும்மா இருக்க வேண்டாம்.

சப்ரினா

✻

கப்பலிலிருந்து
24 மார்ச் 2025

அன்புத் தங்கச்சி,

ஸலாம். நலம். பிரதான எஞ்சினில் ஒரு கோளாறு. இரவு பகலாக வேலை, அதுதான் எழுதவில்லை. உன்னில் எந்தக் கோபமும் இல்லை.

சிங்கப்பூரில் நிற்கும் நேரம் குறைந்துவிட்டது. என்னால் வர ஏலாது. எட்டாவது ஆளை வேறு இடத்தில் பார்த்துக்கொள்.

ஒன்று கேட்க வேண்டும். முனாஸுக்கு அந்தப் படகு வேலை போனது எந்த மாதம்? சரியாக எழுது.

உங்கள் இருவருக்கும் பெருநாள் வாழ்த்துகள். உம்மாவுக்குப் புதுச் சேலை எடுத்துக் கொடு.

பாஹிம்

✻

திருகோணமலை
6 ஏப்ரல் 2025

அன்புள்ள நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் நல்லபடி முடிந்தது. உம்மாவுக்கு இளநீலத்தில் சேலை எடுத்தேன். “உங்கட வாப்பா இருந்தா இந்த நிறத்தத்தான் எடுப்பார்” என்று சொல்லி உடுத்தினா.

நீங்கள் கேட்டது 2021 ஓகஸ்ட் முதல் கிழமை. அவருடைய கப்பலை நீங்கள் மூழ்கடித்து இரண்டு கிழமை இருக்கும். ஏன் கேட்டீர்கள் என்று தெரியவில்லை.

இனி நம்பமாட்டீர்கள். எங்களுடைய எட்டாவது ஆள் உம்மா!

பெருநாளுக்கு மறுநாள் பின்னேரம் எல்லோருக்கும் ஓய்வு. கடைசித் தீவில் எட்டு விளக்குத் தூண், ஒவ்வொன்றுக்கும் கீழே ஒருவர் நிற்க வேண்டும். நின்று கீபோட்டில் ஒரு கட்டையை அமத்திப் பிடித்தால் போதும், வேறு ஒன்றும் செய்யத் தேவையில்லை. உங்கள் கதிரையில் உம்மாவை இருத்தி, “இந்தக் கட்டைய அமத்திப் பிடிங்க, நான் சொல்லும்வரை விடாதீங்க” என்றேன். உம்மா இரண்டு கையாலும் அமத்திப் பிடித்துக்கொண்டு பிஸ்மி சொன்னா. கீர்த்தனி ரீச்சர் சிரித்துச் சிரித்துத் தன் தூணைவிட்டே விலகிவிட்டா.

இந்த விளக்குகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். யார் எந்த விளக்குக்குப் போக வேண்டும் என்று நான்தான் சொல்வேன். “இடப்பக்கம் இரண்டாவது”, “மரத்தோடு ஒட்டினது” என்று சொல்லிப் பழகிவிட்டது. மூன்று வருடமாக நான் நிறத்தின் பெயர் சொல்வதில்லை. யாரும் என்னை அப்படிச் சொல்லச் சொன்னதுமில்லை.

எட்டுப் பேரும் நின்றதும் தீவின் கதவு திறந்தது. உள்ளே பெரிய புதையல் ஒன்றும் இல்லை நானா. ஒன்பது தீவுக்கும் முதன்முதல் வந்து இறங்கியவர்களின் பெயர்கள் சுவரில் எழுதியிருந்தன. கடைசியாக எங்கள் எட்டுப் பேரின் பெயரும். உம்மா உங்கள் கணக்கில் விளையாடியதால் அங்கே இருப்பது உங்கள் பெயர்.

அப்போது ஒலிபெருக்கியில் முனாஸின் குரல் கேட்டு உம்மா, “ஆரு, முனாஸா? மகன், சுகமா? என்னத்துக்கு ஊட்டுப் பக்கம் வாறல்ல?” என்று கேட்டா. அந்தப் பக்கம் அவர் கதிரையை இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு, “வாறன் மாமி” என்றார். அடுத்த நாள் வந்தார். வட்டிலப்பம் இரண்டு துண்டு சாப்பிட்டார். உங்கள் படத்தைப் பார்த்து, “மெலிஞ்சிட்டான்” என்றார். அவ்வளவுதான்.

உங்களோடு ஒரு விசயம் கதைக்க வேண்டும். கடிதத்தில் எழுத வரவில்லை. துறைமுகத்திலிருந்து எடுக்கும்போது எனக்கும் ஐந்து நிமிடம் வையுங்கள்.

அன்புடன்,
சப்ரினா

✻

சிங்கப்பூர்
20 ஏப்ரல் 2025

தங்கச்சி,

அஸ்ஸலாமு அலைக்கும். உடம்புக்கு ஒன்றுமில்லை. இரண்டு நாளாகக் கரையில் நிற்கிறேன். தொலைபேசியும் இருக்கிறது, நேரமும் இருக்கிறது. எடுக்கப் பயமாக இருப்பதால் எழுதுகிறேன்.

எஞ்சின் கோளாறு என்று எழுதியது பொய். சிங்கப்பூரில் நேரமில்லை என்றதும் பொய்.

கப்பல் வேலைக்கு நானும் முனாஸும் சேர்ந்துதான் விண்ணப்பித்தோம். இருந்தது ஒரு இடம். பட்டியலில் அவன் முதலாவது, நான் இரண்டாவது. கண் பரிசோதனையில் அவன் விழுந்ததால்தான் எனக்குக் கடிதம் வந்தது. இது உங்கள் யாருக்கும் தெரியாது. அவன் தன் வீட்டுக்கும் சொல்லவில்லை. எனக்கு மட்டும்தான் சொன்னான். ஓர்ஸ்ஹில் குன்றுப் பக்கத்து மதிலில் இருந்துகொண்டு, “என்ட இடத்துக்குப் போறாய் மச்சான், கவனமாப் போ” என்றான். வாழ்த்தித்தான் சொன்னான். எனக்கோ அந்த ‘என்ட இடம்’ முள்ளாய்க் குத்தியது. இரண்டாவது ஆள் என்ற எண்ணம் சாப்பிடும்போதும் தொழும்போதும் போகவில்லை.

கடலுக்குப் போக முடியாதவன் விளையாட்டில் ஒரு கப்பல் கட்டினான். நீ பார்த்தாய், எவ்வளவு வடிவான கப்பல். அதை ஒரு பின்னேரம், “சும்மா வா, எங்கட பக்கத்தையும் பார்” என்று கூப்பிட்டேன். என்னை நம்பிக் கொடியை ஏற்றிக்கொண்டு வந்தான். பன்னிரண்டு பேர் காத்திருந்தோம். கப்பல் மூழ்கியது. அதுவரை நீ அறிந்தது.

நீ அறியாதது அதற்குப் பிறகு. சண்டைக் கடலில் எல்லோரும் வாசிக்கும் பலகையில் நான் எழுதினேன்: “கப்டனுக்குச் சிவப்பும் தெரியாது, பச்சையும் தெரியாது. கண் டெஸ்ட்டில் பெயிலான கப்டன்.” நாற்பது ஐம்பது பேர் சிரித்தார்கள். அவன் வெளியேறினான்.

அந்த நாற்பது பேரில் துறைமுகத்தில் வேலை செய்கிறவர்களும் இருந்தார்கள். இரண்டு கிழமையில் வேலை போயிருக்கிறது, அதற்குள் நான் கப்பலேறியிருந்தேன். உன் பெப்ரவரிக் கடிதம் வரும்வரை எனக்கு அது தெரியாது, சத்தியமாகத் தெரியாது. அன்றிலிருந்து சரியாக நித்திரை இல்லை. கப்பலைக் கதைத்துக் கதைத்தே அந்த ஒரு வரியை நான்கு வருடம் மூடி வைத்திருந்தேன். விதிக்கு உட்பட்டது என்று சொன்னேன். எந்த விளையாட்டில் அந்த வரிக்கு விதி இருக்கிறது?

ஆட்களை வாசித்தேன் என்று உனக்கு எழுதினேன், வெட்கமாயிருக்கிறது. வாசிக்கத் தெரிந்தது நீதான். “இடப்பக்கம் இரண்டாவது” என்று எழுதியிருந்தாய். அந்த வரியிலேயே நீ ஐந்து நிமிடத்தில் சொல்ல இருந்தது எனக்கு விளங்கிவிட்டது. இதை வாசித்த பிறகும் நீ அதைச் சொல்வாயா என்று தெரியாது.

பாஹிம்

✻

திருகோணமலை
25 மே 2025

நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மா சுகம். நானும் சுகம்.

எழுதாமல் இருந்தது வேண்டுமென்றுதான். மூன்று கடிதம் எழுதி அழித்தேன். அவற்றில் இருந்த சொற்களை நீங்கள் வாசிக்காதது நல்லது. எனக்கு நடை பழக்கியது நீங்கள். வாப்பா மௌத்தான அன்று என்னைத் தூக்கி வைத்திருந்தது நீங்கள். அதே ஆள் அந்த வரியை எழுதியிருக்கிறார் என்பதை என்னால் சேர்த்துப் பார்க்க ஏலவில்லை. இன்னும் முழுதாக ஏலவில்லை.

முனாஸ் போன வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு வந்தார். உம்மா குசினியில் இருந்தா. நான் கேட்டுவிட்டேன்.

“நானா அண்டைக்கு எல்லாருக்கும் முன்னால எழுதினது... அதாலதான் உங்களுக்கு வேல போனதா?”

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். “ஆர் சொன்னது?”

“நானாவே எழுதியிருக்கிறார்.”

“அவனாவே எழுதினானா?” என்று திரும்பக் கேட்டார். பிறகு, “ஓம். அதாலதான். அண்டைக்கே தெரியும்” என்றார்.

“நாலு வருசமா ஏன் என்னட்டச் சொல்லல்ல?”

“சொல்லி? உங்களுக்கு ஒரு நானாதானே இருக்கிறான்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் யன்னலைப் பார்த்தபடி கதைத்தார். “கப்பல் போனதுக்கு எனக்குக் கோவமில்ல. கொடிய நான்தான் ஏத்தினன். ஏத்தினா அடிப்பாங்க, அது சரி. மற்றதுதான்... அவன் ஒருத்தனுக்குத்தான் நான் சொன்னது.”

இனி ஐந்து நிமிட விசயம். நீங்கள் விளங்கிக்கொண்டது சரி. அவர் வீட்டில் பெண் கேட்டு வர ஆயத்தமாக இருக்கிறார்கள். உம்மாவுக்கும் விருப்பம். அவர்தான் இரண்டு வருடமாக ஆட்களை அனுப்பாமல் வைத்திருந்தார். காரணத்தை அன்றைக்குச் சொன்னார்: “வாப்பா இல்ல. உங்கள ஒப்புக்கொடுக்க வேண்டியவன் அவன்தான். ஆள் வச்சு, போன்ல சம்மதம் வாங்கி, அப்படி எனக்கு வேணாம். என்ட முகத்தப் பாத்துத் தரட்டும். பாக்க ஏலுமெண்டா வரட்டும்.”

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் இன்னும் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் வராமல் எனக்குக் கலியாணம் வேண்டாம். இரண்டும் உண்மை.

சப்ரினா

✻

கப்பலிலிருந்து
3 ஜூன் 2025

அன்புத் தங்கச்சி,

வஅலைக்கும் ஸலாம். உன் கடிதம் வந்த அன்றே தலைமைப் பொறியியலாளரிடம் போனேன். ஜூலை ஆறாம் திகதி கொழும்பில் இறங்குகிறேன். அன்றைக்கே பஸ் எடுப்பேன்.

வீட்டுக்கு வருமுன் அவன் கடைக்குப் போவேன். நீயும் உம்மாவும் முன்கூட்டி ஒன்றும் சொல்லி வைக்க வேண்டாம். என் பிழையை நீ இலேசாக்கிச் சொல்லிவிடுவாய் என்று பயமாக இருக்கிறது.

உம்மாவிடம் இதையெல்லாம் சொன்னாயா? சொல்லாவிட்டால் விடு. நானே சொல்ல வேண்டியது.

உன் நானா,
பாஹிம்

✻

திருகோணமலை
26 ஒக்டோபர் 2025

அன்புள்ள நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் கப்பலேறி மூன்று கிழமையாகிவிட்டது. உம்மா, நான், இவர் மூவரும் சுகம். கொழும்பில் பிடித்த தடிமன் மாறிவிட்டதா? உம்மா கட்டித் தந்த மாசிச் சம்பலைப் பகிர்ந்துகொடுத்தே முடித்திருப்பீர்கள்.

வீடு வெறிச்சென்று இருக்கிறது. முன் அறையைத் துப்புரவாக்கும்போது உங்கள் பழைய கணினியின் வயர்களைக் கண்டேன். நீங்கள் சத்தம்போட்டு விளையாடிய நாட்களில் எப்போது நிறுத்துவீர்கள் என்றிருக்கும். இப்போது அந்தச் சத்தத்துக்கு ஏங்குகிறேன் என்றால் சிரிப்பீர்கள். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தீவுக் கதை வாசித்தவள் நான்.

‘ஒன்பது தீவு’ இப்போது ஒரே கடல். முதல் மாதம் எங்களை ஓடவிட்டு அடித்தார்கள். கீர்த்தனி ரீச்சர்தான், “இனி அழுது பிரயோசனமில்ல, பழகுவம்” என்றா. போன சனி எங்கள் ஆறு பேரைத் துரத்தி வந்த ஒருவனுடைய கப்பலை நான் மூழ்கடித்தேன் நானா. சந்தோசமாகத்தான் இருந்தது! உங்களை அப்போது நினைத்தேன். பலகையில், “நல்லா விளையாடினீங்க” என்று எழுதிவிட்டுத் திரும்பினேன். அவன் இப்போது எங்களோடு தீவுக்கு வருகிறான்.

ஒன்று கேட்க வேண்டும். ஜூலையில் இவர் கடைக்கு நேரே போனீர்கள். பின்னேரம் வீட்டுக்கு வரும்போது சேர்ட்டெல்லாம் எஞ்சின் ஒயில். என்ன நடந்தது என்று நீங்களும் சொல்லவில்லை, இவரும் சொல்லவில்லை. பிறகு நிக்காஹ் அன்று ஆண்கள் பக்கத்தில் நீங்கள் இருவரும் கைபிடித்துக்கொண்டு இருந்ததைக் கதவிடுக்கால் பார்த்தேன். இவர் உதடு அசைந்தது. பதிவாளர் சொல்லித் தந்தது அல்ல அது, எனக்குத் தெரியும். இவரிடம் கேட்டால், “ஒங்கட நானாட்டக் கேளுங்க” என்கிறார்.

கேட்கிறேன்.

சப்ரினா

✻

கப்பலிலிருந்து, அரபிக் கடல்
9 நவம்பர் 2025

அன்புத் தங்கச்சி சப்ரினாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். தடிமன் மாறிவிட்டது. சம்பல் நான்காம் நாளே முடிந்தது, பிலிப்பீன்காரர் போத்தலையும் வழித்துவிட்டார்கள்.

ஒருவனை மூழ்கடித்துவிட்டு அவனையே தீவுக்குக் கூட்டிக்கொண்டு போகிறாய் என்று வாசித்துச் சிரித்தேன். அப்படி ஒரு வழி இருந்தது எனக்குத் தோன்றவே இல்லை.

கடையில் நடந்ததைச் சொல்கிறேன். நான் போகும்போது எஞ்சின் ஒன்றைக் கழற்றிப் பரப்பி வைத்திருந்தான். வேலைக்காரர் இரண்டு பேர், வெருகல் படகுக்காரர் ஒருவர். என்னைப் பார்த்தான். “அந்தப் பக்கத்தப் பிடி” என்றான். பிடித்தேன். இரண்டு மணித்தியாலம் வேலை செய்தோம். எஞ்சின் பிடித்து ஓடத் தொடங்கியதும் நான் அந்த ஆட்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன், அவன் வேலை போனது என் வாயால்தான் என்று. சண்டைக் கடலில் எவ்வளவு சத்தமாக எழுதினேனோ அந்த அளவு சத்தமாக. எஞ்சின் இரைச்சலுக்கு மேலால் கத்த வேண்டியிருந்தது. அவன் எஞ்சினை நிற்பாட்டினான்.

“மன்னிச்சிட்டன் எண்டு இப்ப சொன்னா அது பொய் மச்சான்” என்றான். “தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ.”

குடித்தேன். அவ்வளவுதான் நடந்தது. அதற்குப் பிறகு ஒரு மாதம், கலியாண வேலையாக எத்தனை தரம் கண்டும், தேவையானதை மட்டும்தான் கதைத்தான்.

நிக்காஹ் அன்று பதிவாளர், “கையப் பிடியுங்க” என்றார். நான்கு வருடத்தில் முதல்தரம் அவன் கையைத் தொடுகிறேன். வாப்பா சொல்லியிருக்க வேண்டிய சொற்கள். என் தங்கச்சியை உனக்கு மணமுடித்துத் தருகிறேன் என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பாதியில் சொற்கள் குழம்பி, திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினேன். சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அப்போதுதான் அவன் கையை இறுக்கி, எனக்கு மட்டும் கேட்கிறமாதிரிச் சொன்னான்: “ஆறுதலாச் சொல்லு. நான் எங்கயும் போகல்ல.”

சொல்லி முடித்தேன். அவன் ஏற்றுக்கொண்டான். துஆ ஓதினார்கள். “சரி, இனிக் கைய விடலாம்” என்றார் பதிவாளர். நான் விட்டேன். அவன் விடவில்லை.

உம்மாவுக்கும், மச்சானுக்கும் என் ஸலாம்.

உன் நானா,
பாஹிம்